மணி அடித்ததற்கு ஆதாரம் இல்லை

சரித்திரத்தோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் பரீட்சை அது என் காலை வாரிவிட்டதோடு சரி. அதற்குப் பிறகு நான் என் பாட்டுக்கு இருந்தேன், அது அதன் பாட்டுக்கு இருந்தது. அப்படி ஒதுங்கி இருந்தவளை மண்டபம் தேடி வந்து வம்புக்கு இழுத்தவர்கள் சர்வதேச வரலாற்றாளர் சங்கத்தார்தான்.

நான் ஒரு மண்டபத்தின் மேனேஜர். கல்யாணமோ, கண்காட்சியோ, கம்பெனிக் கூட்டமோ, எது வந்தாலும் நாற்காலி போட்டு, மைக் கொடுத்து, முடிந்ததும் பெருக்கித் துடைத்து அடுத்தவர்களுக்குத் திறந்துவிடுவது என் பிழைப்பு. எவ்வளவு பெரிய மனிதர்கள் கூடினாலும் பசி எடுத்தால் கலைந்துவிடுவார்கள் என்பது இத்தனை வருஷத்தில் நான் கண்ட உண்மை. அந்த தைரியத்தில்தான், சங்கத்தார் வியாழக்கிழமை சாயங்காலம் காலி செய்துவிடுவார்கள் என்று நம்பி, சனிக்கிழமை மத்தியானம் அதே மண்டபத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தேன்.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். ஏற்கனவே ஒரு தடவை நாள் குறித்து, கப்பல் புயலில் மாட்டிக்கொண்டு, அவர் கரைக்கு வந்து சேர்வதற்குள் நாள் போயே போய்விட்டது. இந்த முறை அவருக்குக் கிடைத்தது ஒரே வாரம். ஞாயிற்றுக்கிழமை ஏறினால் அடுத்த வருஷம்தான் திரும்புவார். சின்னவள், அதுதான் என் தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா நான் அந்தக் கப்பலையேதான் கட்டிக்கணும்."

"என் மண்டபம்டி. யாரு வந்து தடுக்கப்போறா?" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை சங்கத்தார் வந்து இறங்கினார்கள். பல நாடுகளிலிருந்து வந்திருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது: நீளமாக. வராந்தாவில் பழைய மாநாட்டுக் குழுப்படங்களை வரிசையாக மாட்டினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கையில் இருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் படத்தில் தங்களைத் தேடினார்கள். "நான் பின் வரிசையில நிக்கறது உயரத்தினால இல்ல, சதியினால," என்று ஒருவர் எனக்கு விளக்கினார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவர் கேட்க வந்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேஜைக்கு மேஜை ஒரு நாட்டுப் பெயர்ப்பலகை. அவற்றில் ஒரு நாடு பல வருஷங்களுக்கு முன்னாலேயே உடைந்து காணாமல் போய்விட்டது. ஆனால் முப்பது வருஷம் ஆகாத எதையும் சங்கம் வரலாறாக ஏற்றுக்கொள்ளாது. அதுவரைக்கும் அது வெறும் செய்தி. ஆகவே அந்த நாடு உடைந்த விஷயம் சங்கத்துக்கு இன்னும் அதிகாரபூர்வமாகத் தெரியாது. பலகையும் இருந்தது, ஓட்டும் இருந்தது, பலகைக்குப் பின்னால் மெலிந்த ஒரு பெரியவரும் இருந்தார். எங்கள் சமையல்காரர் அவருக்கு 'இல்லாத நாட்டுக்காரர்' என்று பெயர் வைத்தார். காபி குடித்த கோப்பையைத் தானே சமையல்கட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஒரே பிரதிநிதி அவர்தான்.

சங்கத்தின் தலைவர் நல்ல மனிதர். நடக்கும்போதுகூட மேடையில் நடப்பதுபோலத்தான் நடப்பார். உங்கள் சங்கத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தேன்.

"முழுக்க முழுக்க ஜனநாயகம்மா. ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. பெரிய நாடு, சின்ன நாடுங்கற பேச்சே கிடையாது. யாருக்கு ஓட்டுப் போடணும்னு நியமனக் குழு முன்னாலேயே முடிவு பண்ணிடும். பிரதிநிதிகளுக்கு வீண் சிரமம் வேண்டாம் பாருங்க."

"நியமனக் குழுவை யாரு சார் தேர்ந்தெடுக்கறாங்க?"

"நிர்வாகக் குழு. அதாவது நாங்க."

"உங்களை?"

"நியமனக் குழு. வெளியாட்கள் தலையீடு துளிகூடக் கிடையாது," என்றார் பெருமையாக.

துணைத்தலைவர்கள் ஏன் ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு இருக்கிறார்கள் என்றும் கேட்டேன். தலைவர் தேர்தலில் தோற்றவர்கள் மனம் நோகக்கூடாதாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. பெருக்குகிறவர்களைத் தயாராக நிற்க வைத்துவிட்டு, வாசல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொதுச் செயலாளர் அம்மா எழுந்தார். விதிப்புத்தகத்தைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பவர் அவர். கூட்டத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தை வாசித்தார். அதன் முதல் வரி, இந்தக் கூட்டம் திங்கட்கிழமை காலை தலைவர் மணி அடித்தபோது முறைப்படி தொடங்கியது என்பது.

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் சால்வை போர்த்திய ஒருவர்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"தலைவர் மணி அடிச்சார்னு எதை வெச்சுச் சொல்றீங்க? மைக் வேலை செய்யலை. பின் வரிசையில யாருக்கும் கேக்கலை. அந்த நேரத்துல பாதிப் பேர் வராந்தாவுல காபி குடிச்சுக்கிட்டு, மாநாட்டைப் பத்தித்தான் தீவிரமா விவாதிச்சுக்கிட்டிருந்தோம். என்னைக் கேட்டா, கூட்டம் காபியிலதான் தொடங்கிச்சு. மணி வெறும் சடங்கு."

"அபத்தம்!" என்று துள்ளி எழுந்தார் தாடிக்காரர் ஒருவர். "மணிக்கு முந்தினது கூட்டத்துக்கு முந்தைய காலம். காபியைக் கூட்டத்துல சேத்தா, நாளைக்கு விமானத்தையும் சேக்கச் சொல்வீங்க!"

"சேக்கணும்னுதான் நான் ஏற்கனவே ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்," என்றது இன்னொரு குரல்.

அவ்வளவுதான். சங்கத்தார் வந்து நாலு நாளாகச் செத்துக் கிடந்த மண்டபத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மணிக் கட்சி ஒரு பக்கம், காபிக் கட்சி ஒரு பக்கம். கூட்டம் தொடங்குவதில்லை, மெல்ல மெல்ல உருவாகிறது என்று நடுவில் மூன்றாவதாக ஒரு கோஷ்டி. தொடக்கம் எதுவென்று முடிவாகாமல் முடித்துவைக்க விதியில் இடமில்லை என்றார் பொதுச் செயலாளர் அம்மா. ஆராய ஒரு துணைக்குழு போட்டு, கூட்டம் வெள்ளிக்கிழமையும் தொடரும் என்று அறிவித்தார்கள். பெருக்குகிறவர்கள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பூக்கடைக்காரர் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே பேரவை நடந்துகொண்டிருந்தது. நான் விறுவிறுவென்று மேடைப் பக்கம் போனேன்.

"சார், ஒரு நிமிஷம். திங்கட்கிழமை நான் இங்கதான் நின்னேன். தலைவர் மணி அடிச்சதை என் கண்ணால பாத்தேன். மைக் ஒயரைச் சொருகினதே நான்தான். அவர் அடிச்சார், கூட்டம் தொடங்கிச்சு. அவ்வளவுதானே? முடிச்சுக்கங்க, நாளைக்கு இங்க கல்யாணம் இருக்கு."

தாடிக்காரர் ஆசையோடு என்னைப் பார்த்தார். சால்வைக்காரர் மெதுவாக எழுந்தார்.

"நீங்க பாத்ததை அன்னைக்கே எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

"நான் எதுக்குங்க எழுதணும்? கண்ணால பாத்தேனே!"

"அதுதாங்க சிக்கலே. கண்ணால பாத்தவங்க பேச்சை நாங்க எப்பவும் நம்பறதில்ல. அதுவும் உங்களுக்குக் கல்யாணம்னு ஒரு சொந்த நோக்கம் வேற இருக்கு."

"ஐயா, நான் உயிரோட உங்க முன்னாடி நிக்கறேன்!"

"அதுவும் ஒரு குறைதான்," என்றார் அவர், வருத்தத்தோடு.

பொதுச் செயலாளர் அம்மா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். என் சாட்சியத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து முப்பது வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று முடிவானது. மேலும், நான் உறுப்பினர் இல்லாததால் இங்கே பேசியதே விதிமீறல். உறுப்பினராக வேண்டுமானால் நான் ஒரு நாடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டவர் சேர்ந்த ஆணையமாக இருக்க வேண்டும்.

எங்கள் சமையல்காரர் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். கையில் கரண்டியோடு அவரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். 'சர்வதேச மண்டப வரலாற்று ஆணையம்' அந்த இடத்திலேயே உதயமானது. நான் தலைவி, அவர் துணைத்தலைவர். பேரவை கைதட்டி ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்று நான் வாயைத் திறந்தேன்.

"உங்க உறுப்புரிமை அடுத்த மாநாட்டுலேருந்து அமலுக்கு வரும். அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க தாராளமாப் பேசலாம்," என்றார் பொதுச் செயலாளர் அம்மா.

சமையல்காரர் மட்டும் தனக்குப் பெயர்ப்பலகை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

மத்தியானம் இன்னொரு கூத்து நடந்தது. மணிக் கட்சியிலிருந்து ஒரு தூதர் சமையல்கட்டுக்கு வந்தார். பின்னாலேயே காபிக் கட்சித் தூதர். இருவரும் தனித்தனியாகக் காதோடு சொன்னது ஒரே சங்கதிதான்: அடுத்த தலைவராக நான் நிற்க வேண்டுமாம்.

"நான் ஒரு புத்தகம்கூட எழுதினதில்லையே," என்றேன்.

"அதுதான் உங்க பலம். உங்க புத்தகத்தை யாரும் கிழிச்சு மதிப்புரை எழுதலை. இந்த மண்டபத்துலேயே எதிரி இல்லாத ஒரே ஆள் நீங்கதான்."

தலைவியானால் இப்போதே கூட்டத்தை முடிக்கலாமா என்று கேட்டேன். முடியாதாம். புதிய தலைவரின் காலம் தற்போதைய கூட்டம் முடிந்த பிறகுதான் தொடங்கும். எனக்குத் தலை சுற்றியது. இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். பசி எடுத்தால் கலைவார்கள்.

"சாயங்காலக் காபி கிடையாது. பிஸ்கட்டும் கிடையாது. அடுப்பை அணைச்சிருங்க," என்றேன் சமையல்காரரிடம்.

"துணைத்தலைவரைக் கலந்துக்காம முடிவெடுக்கறீங்க," என்று முனகிக்கொண்டே அணைத்தார்.

என் கணக்கு தப்பாகப் போனது. காபி வராதது தெரிந்ததும் மண்டபத்தில் உற்சாகம் கரைபுரண்டு ஓடியது. காபி இல்லாத இந்தக் காலத்தை இருண்ட காலம் என்று அழைக்கலாமா, கூடாதா என்று தொடங்கிவிட்டார்கள். முந்தின காலத்தைப் பொற்காலம் என்பது ஏக்கத்தால் வந்த மிகை என்றார் ஒருவர். இருட்டும் வரை பேசிவிட்டு, சனிக்கிழமை காலையும் கூடுவது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். அந்த வாரம் அவர்கள் ஏகமனதாகச் செய்த முதல் முடிவு அது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போனால் சின்னவள் கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள், முகம் சொல்லியது. கப்பல்காரர் பக்கத்தில் இருந்தார்.

"வேற இடம் பாக்கலாமா?" என்றார்.

"ஊருல ஒரு இடமும் காலியில்ல, காலையிலேருந்து கேட்டுட்டேன்," என்றேன். அம்மா மட்டும் அசரவில்லை. "நாளைக்குக் கல்யாணம். அவங்க உள்ள இருந்தா இருக்கட்டும். நாம போறோம்," என்றாள்.

சனிக்கிழமை காலை எங்கள் சொந்தபந்தமெல்லாம் நல்ல துணி உடுத்திக்கொண்டு வெயிலில் வாசலில் நின்றது. உள்ளே தாடிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது கல்யாணப் போட்டோகிராபர் வந்து சேர்ந்தார். வராந்தாவில் மாட்டியிருந்த குழுப்படங்களுக்குக் கீழே தன் முக்காலி ஸ்டாண்டை விரித்தார். நான் ஸ்டாண்டைப் பார்த்தேன். படங்களைப் பார்த்தேன். திங்கட்கிழமை பெட்டியும் கையுமாகத் தங்கள் முகத்தைத் தேடி நின்ற கூட்டம் நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்.

"மாநாட்டுக் குழுப்படம் எடுக்க ஆள் வந்தாச்சு! வெளிச்சம் நல்லா இருக்கு, வாசல் படிக்கட்டுக்கு வாங்க. அப்புறம் படத்துல இல்லாதவங்க மாநாட்டுக்கே வரலைன்னு யாராவது எழுதிட்டா நான் பொறுப்பில்ல!"

தாடிக்காரர் "ஆகவே ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்படுவது யாதெனில்" என்ற இடத்தில் இருந்தார். யாதெனில் அங்கேயே நின்றது. அவர் மேஜையைச் சுற்றிக்கூட வரவில்லை, தாண்டினார். துணைத்தலைவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாசலில் நெரிந்தார்கள். தலைவர் மேடை நடையை மறந்து ஓடினார். பொதுச் செயலாளர் அம்மா மட்டும் வாசற்படியில் திரும்பி நின்று, விதிப்படி ஒரு அறிவிப்புச் செய்தார்.

"கூட்டம் கலையவில்லை. மண்டபத்தில் தொடர்கிறது. பிரதிநிதிகள் மட்டும் தற்காலிகமாக வெளியே இருக்கிறார்கள்."

சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

படிக்கட்டில் முன் வரிசையில் யார் என்பதில் சண்டை ஆரம்பித்தது. வயதா, பதவியா, நாடு சேர்ந்த வருஷமா என்று மூன்று கோஷ்டிகள் பிரிந்தன. போட்டோகிராபர் அவர்களுக்கு எதிரே ஸ்டாண்டை நட்டு, அதன்மேல் காமிராப் பையை மாட்டிவிட்டு, காமிராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்வழியாக மண்டபத்துக்குள் வந்துவிட்டார். வெறும் பையைப் பார்த்து அத்தனை பேரும் தலை வாரிக்கொண்டிருந்தார்கள்.

நாங்களும் அதே பின்வழியாகப் புகுந்தோம். பூ ஏறியது, அடுப்பு எரிந்தது. பலகைகளை எடுக்க நேரமில்லை. கப்பல்காரரின் அத்தை ஒரு வல்லரசாக உட்கார்ந்து விசிறிக்கொண்டார். பக்கத்தில் இன்னும் கலையாமல் ஒருவர் இருந்தார். இல்லாத நாட்டுக்காரர்.

"நீங்க படத்துக்குப் போகலையா ஐயா?" என்றேன்.

"என்னை எந்த வரிசையில நிக்க வெப்பாங்கம்மா? நான் எங்கேருந்து வந்தேன்னு எழுதணுமே. இங்கயே இருக்கலாமா?"

"தாராளமா. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவர் மேஜையில் கிடந்த நடவடிக்கைக் குறிப்பேட்டை இழுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் பேச்சு ஓயவில்லை. அம்மா மேடையேறி, தலைவரின் மணியை எடுத்து ஓங்கி அடித்தாள். அன்றைக்கு மைக் ஒழுங்காக வேலை செய்தது. மணிச் சத்தம் கடைசி நாற்காலி வரை கேட்டது. சின்னவளும் கப்பல்காரரும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினோம். இல்லாத நாட்டுக்காரர் எழுந்து நின்று தட்டினார். நான் ஒரு மூலைக்குப் போய் நன்றாக அழுதேன்.

சாப்பாட்டு வாசனை படிக்கட்டை எட்டியதும் சங்கத்தார் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தலைவர் பூவையும் கூட்டத்தையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன நடந்துச்சு?"

"ஒரு தீர்மானம் நிறைவேறிச்சு," என்றார் இல்லாத நாட்டுக்காரர்.

"எதிர்ப்பு?"

"இல்ல."

"அப்போ சாப்பிடலாம்," என்றார் தலைவர்.

சாப்பிட்ட கையோடு எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து, மணமக்களை நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தோம். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் சங்கத்தார் அப்படியே பஸ் ஏறினார்கள். கூட்டத்தை முடித்துவைக்க யாருக்கும் நினைவில்லை.

அடுத்த வருஷம் கப்பல்காரர் லீவில் வந்திருந்தபோது, அச்சடித்த மாநாட்டு நடவடிக்கைகள் ஒரு தடிப் புத்தகமாக எங்கள் மண்டபத்துக்கு வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அந்தக் குழுப்படம். ஒருவர் விடாமல் பெயர் போட்டிருந்தார்கள். நடுவில் நிற்கும் ஜோடிக்குக் கீழே மட்டும் 'இருவர், அடையாளம் காணப்படவில்லை' என்று இருந்தது. உள்ளே, சனிக்கிழமை நடவடிக்கைகளில் இல்லாத நாட்டுக்காரர் எழுதியிருந்தது அப்படியே அச்சாகியிருந்தது. மணி அடிக்கப்பட்டது, அனைவருக்கும் கேட்டது. ஒரு பெண்ணும் ஒரு கடலோடியும் இணைவதென்ற தீர்மானம் எதிர்ப்பின்றி, பலத்த கைதட்டலோடு நிறைவேறியது. அடிக்குறிப்பில் பொதுச் செயலாளர் அம்மாவின் குறிப்பு: பேரவைத் தீர்மானங்களை அடுத்த மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் ஓட்டோடு மட்டுமே மாற்ற முடியும்.

கப்பல்காரர் இதைச் சத்தமாக வாசித்துவிட்டு சின்னவளைப் பார்த்தார். அன்று காலைதான் இருவருக்கும் துணி துவைப்பதில் ஒரு சண்டை.

"இனிமே கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, எத்தனை நாட்டுக்கு நீ தந்தி அடிக்கணும் தெரியுமா?"

"நான் எதுக்கு அடிக்கணும்? உன்னைத்தான் அடிக்கணும்," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். மேற்படி கூட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படாததால் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகக் கருதப்படும் என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியாம்மா? இதுங்களுக்கு ஒரு காரியத்தை முடிச்சு வைக்கத் தெரியுதா?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா சின்னவளையும் மாப்பிள்ளையையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பத்திரமாக அலமாரியில் வைத்தாள்.

"தெரியாததே நல்லதாப் போச்சுடி," என்றாள். "நம்ம பொண்ணு கல்யாணம் அதுக்குள்ளதானே இருக்கு."